கீழ்த்தாடை ஓர் எலும்பே: தாடை முறிவுகளின் காரணங்களும் போக்குகளும்

ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூல்களை ஓதத் தொடங்கும் மாணவன், தொடக்க வாரங்களிலேயே ‘லஹ்யைன்’ என்னும் சொல்லைச் சந்தித்து விடுகிறான். ஒளூவின்போது கழுவ வேண்டிய முகத்தின் நீளத்தை வரையறுக்கும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தமது ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், தலைமுடி முளைக்கும் இடம் ஓர் எல்லை என்றும் இரு லஹ்யுகளின் முடிவு மற்றோர் எல்லை என்றும் குறிப்பிடுகிறார்கள். ‘லஹ்யு’ என்பது கீழ்ப்பற்கள் முளைத்து நிற்கும் தாடை எலும்பாகும். அதன்மீது வளரும் முடிக்கு ‘லிஹ்யா’ என்னும் பெயர் வந்ததும் இவ்வேர்ச்சொல்லிலிருந்தே ஆகும். வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு எலும்புகள் உள்ளன என்றும், அவை சந்திக்கும் இடமே மோவாய் என்றும் விரிவுரையாளர்கள் விளக்கம் தருவார்கள். எனவேதான் அச்சொல் அரபியில் இருமை வடிவில் வருகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், தாடையெலும்பு உண்மையிலேயே இரண்டா, ஒன்றா?” என்று வினவினார். மொழி வழக்கில் இரண்டு, உடற்கூற்றியலில் ஒன்று. இதுவே அன்று நான் அளித்த சுருக்கமான விடை. இவ்வினாவால் நடைமுறையில் என்ன பயன் விளையக்கூடும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதே வகுப்பில் பயின்ற வேறொரு மாணவருக்கு நேர்ந்த விபத்து அதனை எனக்கு உணர்த்தியது.

விடுமுறைக்கு ஊர் சென்ற அம்மாணவர், நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வரும் வழியில் மணற்பாங்கான திருப்பத்தில் சறுக்கி விழுந்தார். மோவாயின் வலப்புறம் சாலையில் மோதித் தோல் கிழிந்தது. அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் காயத்தைக் கழுவி ஐந்து தையல் இட்டு, மோவாய்ப் பகுதியை மட்டும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று கூறி அனுப்பி விட்டார்கள். காயம் நன்றாகவே ஆறியது. ஆனால் பத்து நாட்கள் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய அவரால் சோற்றை மெல்ல இயலவில்லை. வாயைத் திறந்தால் மோவாய் இடப்பக்கமாக ஒதுங்கியது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பழைய இடத்தில் பொருந்தவில்லை. பிறகு வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரு காதுகளையும் உள்ளடக்கிய முழுத்தாடைப் படம் எடுத்தபோது உண்மை புலப்பட்டது. அடிபட்டது வலப்புற மோவாய். முறிந்திருந்ததோ இடது காதின் முன்னேயுள்ள தாடை மூட்டின் கழுத்துப் பகுதி.

ஓரிடத்தில் அடிபட, வேறோர் இடம் ஏன் முறிகிறது? கீழ்த்தாடை ஒரே எலும்பு என்பதில்தான் இதற்கான விடை அடங்கியுள்ளது. அவ்வுண்மையைக் கண்கூடாகக் கண்டு எழுதிவைத்த பெருமை முஸ்லிம் அறிஞர் ஒருவரைச் சாரும்.

மக்ஸ் மேட்டில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும்

முவஃப்ஃபகுத்தீன் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 557இல் (கி.பி. 1162) பக்தாதில் பிறந்து, ஹிஜ்ரி 629இல் (கி.பி. 1231) அந்நகரிலேயே மறைந்தவர்கள். மொழியியல், ஹதீஸ், மெய்யியல், மருத்துவம் ஆகிய பல துறைகளில் வல்லவர்கள். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர்கள். அவர்கள் எகிப்தில் வாழ்ந்த காலத்தில், ஹிஜ்ரி 597, 598 ஆகிய ஆண்டுகளில் (கி.பி. 1200–1202) நைல் நதி போதிய அளவு பெருகாமையால் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. அப்பஞ்சத்தின் அவலங்களையும் எகிப்தின் செடிகொடிகள், விலங்குகள், தொல்சின்னங்கள் ஆகியவற்றையும் தாம் கண்டவாறே ‘அல்-இஃபாதா வல்-இஃதிபார்’ என்னும் நூலில் அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். 1800இல் ஜோசப் வைட் என்பார் இந்நூலை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேற்றினார். 1810இல் சில்வெஸ்தர் தெ சாசி அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தார்.

தம்மிடம் மருத்துவம் பயின்ற மாணவர்கள் உடற்கூற்றுப் பாடத்தை எட்டியபோது, நூலின் சொற்களை மட்டும் கொண்டு எலும்புகளின் அமைப்பை விளங்குவதும் விளக்குவதும் கடினமாக இருந்ததென்று அவர்கள் அதில் கூறுகிறார்கள். கேள்வி ஒருபோதும் காட்சிக்கு ஈடாகாது என்பது அவர்கள் கருத்து. கெய்ரோவின் மேற்கேயுள்ள அல்-மக்ஸ் என்னுமிடத்தில், பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் ஒரு மேடாகக் குவிந்து கிடப்பதாகச் செய்தி கிடைத்தது. ஆசிரியரும் மாணவர்களும் அங்கே சென்றார்கள்.

அங்கே அவர்கள் கூர்ந்து கவனித்தவற்றுள் முதன்மையானது கீழ்த்தாடையாகும். அரபு மருத்துவ நூல்கள் ஜாலீனூஸ் என்று அழைக்கும் கிரேக்க மருத்துவர் கேலன், கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றும், அவை மோவாயில் உறுதியாகப் பிணைந்துள்ளன என்றும் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவர்கள் அதனை வழிமொழிந்து வந்தார்கள். இப்னு சீனா அவர்களின் ‘அல்-கானூன்’ நூலும் அவ்வாறே கூறுகிறது. ஆனால் அப்துல் லத்தீஃப் அவர்கள் மேட்டிலிருந்து எடுத்துப் பார்த்த தாடைகள் எவற்றிலும் மூட்டோ பொருத்துக்கோடோ காணப்படவில்லை. தாம் மட்டும் பார்த்ததோடு அவர்கள் நின்று விடவில்லை. பலரையும் பார்க்கச் செய்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகள் இவ்வாறு ஆராயப்பட்டன. பின்னர் பூஸீர் என்னுமிடத்திலுள்ள பழங்காலக் கல்லறைகளுக்கும் சென்றார்கள். காலம் செல்லச் செல்ல எலும்புகளின் மறைவான பொருத்துகள் விட்டுப்போவது இயல்பு. அத்தகைய மிகப் பழைய எலும்புகளிலும் கீழ்த்தாடை ஒரே துண்டாகவே இருப்பதைக் கண்டு தமது முடிவை உறுதி செய்தார்கள்.

கேலனை அவர்கள் இழித்துரைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவருடைய ஆய்வின் நுட்பத்தைப் புகழ்ந்துவிட்டு, ஆயினும் புலன்களின் சாட்சியம் அவரது கூற்றைவிட நம்பத்தக்கது என்று பணிவுடன் எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் வெசாலியஸ் 1543இல் தமது உடற்கூற்று நூலில் இதே உண்மையை எழுதுவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஆய்வு இது.

கேலனுக்குப் பிழை நேர்ந்ததற்கான காரணத்தையும் இன்று நாம் ஊகிக்க முடிகிறது. அவர் பெரும்பாலும் விலங்குகளை அறுத்தே உடற்கூற்றைக் கற்றார். மாடு போன்ற விலங்குகளில் தாடையின் இரு பாதிகளும் நடுவில் எலும்பாக ஒன்றிணைவதில்லை. மனிதக் குழந்தையும் இரு பாதித் தாடைகளுடனேயே பிறக்கிறது. பிறந்த முதலாண்டிற்குள் அவை மோவாயில் இணைந்து ஒரே எலும்பாகி விடுகின்றன. எனவே, அரபு மொழியின் இருமை வடிவம் தவறென்று கொள்ள வேண்டியதில்லை. அது பக்கங்களை எண்ணிச் சொல்கிறது; மருத்துவன் எண்ண வேண்டியது எலும்பை.

வளையல் உடையும் விதம்

கீழ்த்தாடை, குதிரை லாடம் போன்று வளைந்த எலும்பு. அதன் இரு முனைகளும் பின்னோக்கிச் சென்று, மேலெழுந்து, இரு காதுகளுக்கும் சற்று முன்னே மண்டையோட்டுடன் மூட்டாக இணைகின்றன. இவ்விரு மூட்டுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. வலது மூட்டு அசையாமல் இடது மூட்டு மட்டும் அசைவது இயலாது. மண்டையோட்டையும் சேர்த்து நோக்கினால், இது ஏறத்தாழ மூடிய ஒரு வளையத்தைப் போன்றதாகும்.

கண்ணாடி வளையல் கீழே விழுந்தால் அது ஓரிடத்தில் மட்டும் உடைவது அரிது. ஒருபுறம் விழும் விசை வளைவு வழியே பரவி, வலுவற்ற மற்றோரிடத்தையும் பிளந்து விடும். தாடையின் நிலையும் இதுவே. கீழ்த்தாடை முறிவுகளில் ஏறத்தாழ பாதி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நிகழ்வன என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ‘ஒரு முறிவைக் கண்டால் இரண்டாவதைத் தேடு’ என்பது இத்துறையில் பயிலும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் விதியாகும்.

முகத்தின் எலும்புகளுள் கீழ்த்தாடையே வலிமை மிக்கது. ஆயினும் அதில் இயற்கையாகவே சில மெலிந்த இடங்கள் உள்ளன. முதலாவது, மூட்டுக்குமிழைத் தாங்கி நிற்கும் கழுத்துப் பகுதி. இது விரலைவிட ஒடுங்கியது. இரண்டாவது, தாடை மேல்நோக்கித் திரும்பும் கோணம். வெளிவராத கடைசிக் கடைவாய்ப்பல் அங்கே எலும்புக்குள் புதைந்து கிடந்தால் அவ்விடம் மேலும் வலுவிழக்கும். மூன்றாவது, கோரைப்பல்லின் அண்மை. அப்பல்லின் வேர் நீளமானதாகையால் எலும்பின் பெரும்பகுதியை அது அடைத்துக்கொள்கிறது. விசை எத்திசையிலிருந்து வந்தாலும் இம்மூன்று இடங்களுள் ஒன்றைத் தேடிச் செல்கிறது.

அடியின் திசையும் முறிவின் போக்கும்

மோவாயின் நடுவில் நேராக அடி விழுந்தால், அவ்விடம் முறிவதோடு இரு பக்க மூட்டுக் கழுத்துகளும் முறியக்கூடும். இராணுவ அணிவகுப்பில் நெடுநேரம் அசையாமல் நின்று, மயங்கி, கைகளை ஊன்றாமல் முகங்குப்புற விழும் காவலர்களிடம் இது காணப்பட்டமையால், ‘காவலர் முறிவு’ என்றே ஆங்கில மருத்துவ நூல்கள் இதற்குப் பெயரிட்டுள்ளன. வலிப்பு நோயால் விழுவோரிடமும், மிதிவண்டியிலிருந்து முன்புறம் தூக்கி எறியப்படும் சிறுவர்களிடமும் இதே போக்கு காணப்படும். மோவாய்த் தோலில் கிழிசல் உள்ள ஒவ்வொருவருக்கும் இரு காதுகளின் முன்னும் விரல்வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது இதனாலேயே ஆகும்.

மோவாய்க்குச் சற்று ஒரு பக்கமாக அடி விழுந்தால், அடிபட்ட பக்கத்தில் கோரைப்பல்லின் அருகிலும், எதிர்ப்பக்கத்தில் மூட்டுக் கழுத்திலோ கோணத்திலோ முறிவு ஏற்படும். சில வேளைகளில் அடிபட்ட இடம் தப்பித்துக்கொள்ள, எதிர்ப்பக்கம் மட்டும் முறிந்து விடுவதும் உண்டு. எங்கள் மாணவருக்கு நேர்ந்தது இதுவே. பக்கவாட்டில் நேரடியாக விழும் குத்து, கோணத்தை முறிக்கும். அடிப்பவர் பெரும்பாலும் வலக்கைப் பழக்கமுடையவராதலால், கைகலப்புகளில் முறிவது மிகுதியும் இடது கோணமே ஆகும்.

மூட்டுக் கழுத்து முறிவதில் ஒரு பாதுகாப்பும் அடங்கியுள்ளது. அம்மூட்டின் கூரையாக இருப்பது மிக மெல்லிய எலும்பு. அதன்மேல் இருப்பது மூளை. கழுத்து முறிந்து விசையை வாங்கிக்கொள்ளாவிடின், மூட்டுக்குமிழ் அக்கூரையைத் துளைத்துச் சென்று விடக்கூடும். படைத்தவனின் ஏற்பாட்டில் மெலிவுக்கும் ஒரு பணி இருப்பதை இங்கே காண்கிறோம்.

முறிந்த துண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்குமா, விலகுமா என்பதைத் தீர்மானிப்பவை தசைகள். மெல்லும் தசைகள் தாடையின் பின்பகுதியை மேலே இழுக்கின்றன; நாக்கின் அடியிலுள்ள தசைகள் முன்பகுதியைக் கீழும் பின்னும் இழுக்கின்றன. முறிவுக்கோடு சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து, இவ்விழுப்பு துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தவும் கூடும், பிரிக்கவும் கூடும். மோவாயின் இருபுறமும் முறிந்து நடுத்துண்டு பின்னே சரிந்தால், அதனோடு இணைந்த நாக்கும் சரிந்து மூச்சுக்குழலை அடைத்து விடும். தாடை முறிவால் உடனடியாக உயிருக்கே ஆபத்து நேரும் நிலைகளுள் இது முதன்மையானது.

பற்களை இழந்த முதியோரின் தாடை தேய்ந்து பென்சில் போல் மெலிந்து விடுகிறது. சிறு வீழ்ச்சியே அதனை இருபுறமும் முறிக்கப் போதுமானது. குழந்தைகளின் எலும்போ பச்சைக் குச்சி போன்றது. முழுதும் ஒடியாமல் ஒருபுறம் வளைந்து ஒருபுறம் பிளக்கும். அவர்களிடம் மூட்டு முறிவு கவனிக்கப்படாமல் போனால் விளைவு கொடிது. மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டு வாய் திறப்பது சிறிது சிறிதாகக் குறையும். தாடையின் வளர்ச்சியும் தடைப்பட்டு முகம் ஒருபுறம் கோணும். பல ஆண்டுகளுக்கு முன் மோவாயில் ஏற்பட்ட மறந்துபோன ஒரு தழும்பே இதன் தொடக்கமாக இருப்பதுண்டு.

மேல்தாடையின் நிலை வேறு. அது மண்டையோட்டுடன் அசையாமல் பொருந்தியது. உள்ளே காற்றறைகளைக் கொண்டது. 1901இல் பிரான்சின் லீல் நகரைச் சார்ந்த ரெனே லெ ஃபோர் என்னும் மருத்துவர், இறந்தோரின் தலைகளைப் பல்வேறு விசைகளால் தாக்கிப் பின்னர் அறுத்து ஆராய்ந்தார். முறிவுகள் தாறுமாறாக ஏற்படாமல், மூன்று கோடுகளை ஒட்டியே அமைகின்றன என்பதைக் கண்டார். முதற்கோடு பற்களுக்கு மேலாகக் கிடையாகச் செல்வது. இரண்டாவது, மூக்கின் மேற்பகுதியைத் தொட்டுக் கூம்பு போல் இறங்குவது. மூன்றாவது, முகத்தையே மண்டையோட்டிலிருந்து பிரித்து விடுவது. இன்றளவும் உலகெங்கும் மருத்துவர்கள் இம்முறிவுகளை அவர் பெயராலேயே அழைக்கின்றனர்.

காரணங்கள்

தாடை எதனால் முறிகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. மேலை நாடுகள் பலவற்றில் கைகலப்பே முதற்காரணம். மதுவும் அதற்குத் துணை நிற்கிறது. நம் நாட்டிலோ சாலை விபத்தே முதலிடம் வகிக்கிறது. அதிலும் இருசக்கர வாகனமே பெரும்பங்கு வகிக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் ஏறத்தாழ 1 இலட்சத்து 68 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50 ஆயிரம் பேர். உயிர்தப்பி, முகம் சிதைந்து வாழ்வோர் இக்கணக்கில் சேரவில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவில், ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் ஆகிய இருவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் நம்மவரிடையே பரவலாக உள்ள அரைத் தலைக்கவசம் மண்டையை மட்டுமே மூடும். தாடைக்கு அதனால் காப்பு இல்லை. மோவாயையும் சுற்றி வளைக்கும் முழுக்கவசமே தாடையைக் காக்கும். கொக்கியை மாட்டாமல் அணியும் கவசமோ விழும்போது தலையைவிட்டு முதலில் பறந்துவிடும்.

வீழ்ச்சி, விளையாட்டு, துப்பாக்கிக்குண்டு ஆகியன பிற காரணங்கள். எலும்புக்குள் வளரும் நீர்க்கட்டியோ புற்றுநோயோ தாடையை உள்ளிருந்து அரித்திருந்தால், உணவு மெல்லும்போதே அது முறிந்து விடுவதும் உண்டு. ஆழப் புதைந்த கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது கோணம் முறிவது அரிதாக நிகழ்வதாகும்.

இன்னொரு காரணத்தைப் பேசாது விடுவது நேர்மையாகாது. இல்லங்களுக்குள் பெண்கள் மீது நிகழும் தாக்குதல்களில் முகமே பெரும்பாலும் இலக்காகிறது. மருத்துவரிடம் வரும்போது ‘குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்’ என்றே சொல்லப்படும். ஆனால் முறிவின் போக்கு வேறொன்றைக் கூறும். வழுக்கி முன்னே விழுபவரின் மோவாயில் காயம் இருக்கும்; கைகளிலும் முழங்காலிலும் சிராய்ப்பு இருக்கும். மோவாயில் கீறலும் இல்லாமல், இடது கோணம் மட்டும் முறிந்து கன்னம் கன்றியிருந்தால், அதனைக் கண்ட மருத்துவர் தனிமையில் மேலும் விசாரிக்கக் கடமைப்பட்டவர். சண்டையின்போதும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களும் பதிவு செய்துள்ளன. பகைவனின் முகத்திற்கே அத்தகைய பாதுகாப்பு உண்டெனில், மனைவியின் முகத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டநூல்கள் செய்த பகுப்பு

தலையிலும் முகத்திலும் ஏற்படும் காயங்களை ஃபிக்ஹு அறிஞர்கள் ஆழத்தின் அடிப்படையில் வகுத்திருப்பது இங்கே நினைவுகூரத்தக்கது. எலும்பை வெளிக்காட்டும் காயம் ‘மூளிஹா’. எலும்பை உடைப்பது ‘ஹாஷிமா’. உடைத்து இடம்பெயரச் செய்வது ‘முனக்கிலா’. ஷாஃபிஈ மத்ஹபில் இவற்றுக்கு முறையே ஐந்து, பத்து, பதினைந்து ஒட்டகங்கள் இழப்பீடாகும். உடைந்த எலும்பையும் உடைந்து விலகிய எலும்பையும் வேறுபடுத்தும் இப்பகுப்பு, இன்றைய மருத்துவர் முறிவை எழுதி வைக்கும்போது முதலில் குறிக்கும் வேறுபாட்டோடு ஒத்திருக்கிறது. இரு லஹ்யுகளையும் முற்றாக இழக்கச் செய்தால் முழு தியத்து உண்டு என்றும், அவற்றிலுள்ள பற்களுக்கான இழப்பீடு அதில் அடங்கி விடாது, தனியே தரப்பட வேண்டும் என்பதே ஏற்புடைய கருத்து என்றும் ‘மின்ஹாஜ்’ கூறுகிறது. உண்பதும் உரைப்பதும் தாடையைச் சார்ந்தவை என்பதை உணர்ந்தோர் அளித்த மதிப்பு அது.

கட்டுதல்: தங்கக் கம்பியிலிருந்து டைட்டானியம் வரை

கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்று, மூட்டு நழுவிய தாடையைப் பெருவிரல்களால் உள்ளே தள்ளிப் பொருத்தும் முறையைத் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் புண்ணோடு கூடிய தாடை முறிவை, மருத்துவம் செய்ய இயலாத நோய் என்று கைவிட்டு விடுகிறது. கிரேக்கரான ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல், முறிவின் இருபுறமுள்ள பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கச் சொல்கிறது. அந்தலுசில் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவீ (936–1013) அவர்கள், தமது ‘அத்-தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் தாடை முறிவுக்கெனத் தனி இயலே வகுத்தார்கள். ஆட்டங்கண்ட பற்களைக் கட்டுவது பற்றிக் கூறுமிடத்தில், வெள்ளி நாளடைவில் கறுத்துக் கெட்டுவிடுமாகையால் தங்கக் கம்பியே சிறந்தது என்று அனுபவத்தோடு எழுதியுள்ளார்கள்.

கீழ்ப்பற்களை மேற்பற்களோடு சேர்த்துக் கட்டினால் மேல்தாடையே கீழ்த்தாடைக்குச் சட்டமாக அமையும் என்னும் கருத்தை, 1275இல் இத்தாலியரான சாலிசெட்டோவின் வில்லியம் எழுதினார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அம்முறைக்கு 1887இல் அமெரிக்கரான தாமஸ் கில்மர் புத்துயிர் அளித்தார். 1970களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மாக்சிம் ஷாம்பியும் அவர்தம் குழுவினரும், தாடையில் இழுவிசை செல்லும் கோடுகளைக் கணித்து, அக்கோடுகளின் மீது சிறு தகடுகளை வாயின் உட்புறமாகவே பொருத்தும் முறையை நிலைநாட்டினர். இன்று டைட்டானியம் தகடுகளும் திருகுகளும் பரவலாகப் பயன்படுகின்றன. முகத்தில் தழும்பு விழுவதில்லை. வாயை வாரக்கணக்கில் மூடிக் கட்டவேண்டிய தேவையும் பலருக்கு இல்லை.

கருவிகள் எத்தனை மாறினும் அளவுகோல் ஒன்றே. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் முன்போல் பொருந்துகின்றனவா என்பதே அது. ‘கடித்துப் பாருங்கள், பழைய இடத்தில் சேர்கிறதா?’ என்னும் எளிய வினாவே முறிவைக் காட்டிக்கொடுக்கும் முதற்சோதனை. கீழுதடும் மோவாயும் மரத்துப்போதல், நாக்கின் அடியில் இரத்தம் கட்டி நீலம் பாரித்தல், பல்வரிசையில் திடீர்ப் படி விழுதல், காதின் முன்னே வலித்தல், திறக்கும்போது வாய் ஒருபுறம் ஒதுங்குதல் ஆகியன பிற அடையாளங்கள். இவற்றுள் ஒன்றிருந்தாலும் இரு மூட்டுகளும் தெரியும்படியான முழுத்தாடைப் படத்தையோ சி.டி. ஸ்கேனையோ கேட்டுப் பெற வேண்டும். மோவாயை மட்டும் எடுத்த படம் போதுமானதன்று. அடிபட்டவர் நினைவோடிருந்து, கழுத்தில் காயம் இல்லையெனில், சற்று முன்சாய்ந்து அமரச் செய்து இரத்தமும் உமிழ்நீரும் வெளியே வடிய விடுவது நன்று. தாடையைப் பின்னோக்கி இழுக்குமாறு துணியால் இறுகக் கட்டுவது மூச்சை அடைக்கக்கூடும்.

அம்மாணவருக்கு அறுவை தேவைப்படவில்லை. பற்களில் கம்பிச் சட்டம் பொருத்தி, இரப்பர் வளையங்களால் இரண்டு வாரம் தாடையை நெறிப்படுத்தினார்கள். பின்னர் நாள்தோறும் கண்ணாடி முன் நின்று வாயை நேராகத் திறந்து மூடும் பயிற்சியைக் கற்பித்தார்கள். கஞ்சியும் பழச்சாறுமே உணவு. அவர் குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ். அந்த இரு வாரங்களும் அவரால் வாய்திறந்து ஓத இயலவில்லை. மற்றவர்கள் ஓத, முஸ்ஹஃபில் விரல்வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சில வாரங்கள் தாமதித்திருந்தால், எலும்பு தவறிய நிலையிலேயே கூடி, நீட்டி ஓத வேண்டிய எழுத்துகளுக்கு வாய் முழுமையாகத் திறவாமலே போயிருக்கக் கூடும் என்று மருத்துவர் கூறினார். அவ்வாண்டு ரமளானில் தம் ஊர்ப் பள்ளிவாசலில் அவர் தராவீஹ் தொழுகை நடத்தினார்.

தையலிட்ட மருத்துவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. காயம் இருந்த இடத்தை அவர் கவனமாகவே பார்த்தார். ஆனால் எலும்பு ஒன்றே என்பதை அந்நேரம் அவர் நினைவுகூரவில்லை. அப்துல் லத்தீஃப் அவர்கள் மக்ஸ் மேட்டில் ஒரு தாடையைக் கண்டதும் போதுமென்று திரும்பி விடவில்லை. இரண்டாயிரம் பார்த்தார்கள், பின்னர் பூஸீருக்கும் சென்றார்கள். அவர்களைப் போல நாம் இரண்டாயிரம் பார்க்க வேண்டியதில்லை. நம் பிள்ளை மோவாயில் கிழிசலோடு வீட்டுக்கு வந்தால், காயத்துக்கு மருந்திட்டபின், அவனுடைய இரு காதுகளின் முன்னும் ஒரு விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தாலே போதும்.